ஏசாவின் கை

திண்டிவனத்தில் அப்பா படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருந்தார். கூட வேலை செய்தவர் சித்தப்பா, அப்பாவின் ஒரே தம்பி. கல்யாணமாகாததால் எங்களோடுதான் இருந்தார். எனக்கு எட்டு வயதானபோது பங்குச் சாமியார் தம் வீட்டுச் சுவரில் தொங்கிய நான்கு பழைய அச்சுப் படங்களைக் கொண்டுவந்து கொடுத்தார். சட்டங்களைக் கரையான் தின்றிருந்தது.

வீட்டைவிட்டு அனுப்பப்பட்ட ஆகார் மகனோடு பாலைவனத்தில் நடப்பது, யோசேப்பு தன்னை விற்ற அண்ணன்மாரைக் கட்டிக்கொண்டு அழுவது, ஊதாரி மகன் திரும்பி வருவது. இந்த மூன்றும் மறைக்கல்வி வகுப்பில் கேட்ட கதைகள். நான்காவதன் கதை மட்டும் எனக்குத் தெரியவில்லை. அதில் தாடிக்காரன் ஒருவன் இன்னொருவனின் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தான். பின்னால் பெண்களும் பிள்ளைகளும் மிரண்டுபோய் நின்றார்கள்.

அந்தப் பிள்ளைகளைப் பார்க்கப் பொறுக்கவில்லை. கடையில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, ரப்பரில் எச்சில் தொட்டு அந்தக் கையை அழித்தேன். அழியாத இடத்தை விரலாலும் தேய்த்தேன். கை போயிற்று. அதோடு தாளும் கிழிந்து, வெள்ளையாகப் பஞ்சு எழும்பியது.

அப்பா பார்த்தபோது கடையில் வாடிக்கையாளர்கள் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். முந்தின நாள் படங்களைத் தூசி தட்டியவர் சித்தப்பா.

“ஈரத்துணி போட்டுத் தொடச்சியாடா?”

இல்லை என்று சொல்ல வாயெடுத்த சித்தப்பா, பழுப்புச் சாயம் ஒட்டிய என் விரலைப் பார்த்துவிட்டார்.

“ஆமாண்ணா. தெரியாம பண்ணிட்டேன்.”

“நைனா போனதுலேர்ந்து உன்ன சொமந்துக்கினு கெடக்கறேன். ஒரு வேல உருப்படியா செய்யத் தெரியுதா உனக்கு?”

அப்பா அதோடு நிறுத்தவில்லை. சித்தப்பா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார். அடுத்த வாரம், அவர் விழுப்புரத்தில் ஒரு கண்ணாடிக் கடையில் சேர்ந்துவிட்டதாகத் தெரிந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

மறுவருடம் கோயிலில் எனக்கு முதல் நற்கருணை. அதற்கு முன் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் முதல் பாவசங்கீர்த்தனம். படத்தின் சொந்தக்காரரிடமே போய் முழந்தாளிட வேண்டியதாயிற்று. எல்லாவற்றையும் சொன்னேன். சாமியார் என் பக்கம் குனிந்தார்.

“அது கழுத்த நெரிக்கல பாப்பா. தன்ன ஏமாத்திட்டு ஓடிப்போன தம்பி யாக்கோபு திரும்பி வர்றான். அண்ணன் ஏசா அவன கட்டிப் புடிச்சிக்கினு அழுவறான். நீ போய் உங்கப்பாகிட்ட சொல்லு.”

சொன்னேன். அடி விழும் என்று நின்றிருந்தேன். அப்பா அடிக்கவில்லை. மறுநாள் கடையைத் திறக்காமல் என்னைக் கூட்டிக்கொண்டு விழுப்புரம் பஸ்ஸில் ஏறினார்.

 கண்ணாடிக் கடை வாசலில் அப்பா சித்தப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். சித்தப்பாவின் கண் கலங்கியது. என் கன்னத்தைத் தட்டி, “எனக்கு அப்பவே தெரியும்” என்றார். டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தார்.

“கெளம்புடா, வூட்டுக்குப் போலாம்” என்றார் அப்பா.

“நீ முன்னாடி போண்ணா. நான் மெதுவா வர்றேன்.”

சித்தப்பா இன்றுவரை விழுப்புரத்தில்தான் இருக்கிறார். கிறிஸ்துமஸுக்குக் கேக்கோடு வருவார், சாயங்காலமே கிளம்பிவிடுவார். பைபிளை நானாக வாசிக்கத் தொடங்கிய பிறகுதான், யாக்கோபும் ஏசாவிடம் ‘நீ முன்னால் போ, நான் மெதுவாக வருகிறேன்’ என்றே சொல்லிவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டான் என்று தெரிந்தது.

அன்று அதெல்லாம் தெரியாது. விழுப்புரத்திலிருந்து திரும்பி வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மாவிடம் ஓடி, “சித்தப்பா வர்றாரும்மா, ஒரு ஆளுக்குச் சேத்து ஒல வையி” என்றேன். அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா பின்பக்கம் கால் கழுவப் போனார். அம்மா இன்னும் ஒரு பிடி அரிசியை அள்ளி உலையில் போட்டாள். நான் தட்டை எடுத்து வைத்துவிட்டு வாசலில் போய் உட்கார்ந்தேன்.