ஏகமனதாக ஓர் ஆறாம் வகுப்பு

ஐம்பதுகளின் கடைசியில், ஊரார் நன்கொடையில் பள்ளியை மேம்படுத்தும் பள்ளிச் சீரமைப்புக் காய்ச்சல் எங்கள் ஊரையும் பிடித்தது. குஜிலியம்பாறைப் பக்கம் வானம் பார்த்த பூமியில், ஐந்தாம் வகுப்போடு முடிந்துபோகும் பள்ளி. அங்கிருந்த இரண்டு வாத்தியார்களில் நான் இளையவன். அதனால் ஊர்க்கூட்டத்துக்குக் காரியதரிசி வேலையும் என் தலையில்.

நம் பள்ளி எப்படி இருக்க வேண்டும் என்பதுதான் கூட்டத்தின் கேள்வி. பெரியவர்களிடம் பதில் தயாராக இருந்தது: தங்கள் பெயரோடு இருக்க வேண்டும். ஒருவர் கடிகாரம் தந்தார். அதில் மணி பார்ப்பதைவிட அவர் பெயரைப் படிப்பது சுலபம். இன்னொருவர் பீரோ தந்தார். சாவியை மட்டும் தன் இடுப்பிலேயே வைத்துக்கொண்டார். கிராம முன்சீப் மதிய உணவுக்கென்று பெரிய அண்டா வழங்கினார். முகூர்த்த நாள் வந்தால் அது அவருடைய சொந்தக்காரர் கல்யாணத்துக்குக் கிளம்பிவிடும். அன்று பிள்ளைகள் கல்வியை மட்டும் உண்டார்கள்.

கூட்டத்தில் இருந்த ஒரே பெண், பள்ளியில் சோறாக்கும் அம்மாள். புருஷன் இல்லாதவர். எல்லோருக்கும் சுக்குக் காப்பி கொடுக்க வந்தவர், போகாமல் நின்று கேட்டார்.

"பையங்க பக்கத்தூருக்கு நடந்துபோயி ஆறாவது படிக்கிறாக. எம் மக அஞ்சோட நின்னுரும். இங்கனயே ஆறாவது வச்சா என்னங்கய்யா?"

ஒரே கைதட்டல். "பொம்பளப் புள்ளைக படிச்சாத்தான் நாடு உருப்படும். எழுதுங்க வாத்தியாரே" என்றார் முன்சீப். ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது என்று எழுதினேன். அதை நம்பவும் செய்தேன், மடையன்.

சேரப்போகும் பெண் பிள்ளைகளின் பட்டியலைப் பெற்றோர் கையெழுத்தோடு கொண்டுவரும்படி கல்வி ஆபீசில் சொன்னார்கள். தாளோடு வீடு வீடாக ஏறி இறங்கினேன். அடுத்த வீட்டுப் பெண் படித்து நாடு உருப்பட வேண்டும் என்பதில் ஊர் உண்மையிலேயே ஒரே மனதாக இருந்தது.

"எம் மகளும் பள்ளிக்கூடம் போயிட்டா கடலை பறிக்க நீங்க வாரீகளா?" என்று கேட்டார் பீரோக்காரர். முதலில் மற்றவர்கள் போடட்டும், தான் கடைசியில் போடுவதாகச் சொன்னார் முன்சீப். கடைசிவரை அந்தத் தாளில் இருந்தது சோறாக்கும் அம்மாளின் கைநாட்டு ஒன்றுதான்.

ஆறாம் வகுப்பு கிடைக்கவில்லை. ஊருக்குப் பாராட்டுப் பத்திரம் கிடைத்தது, கடிகாரத்துக்கும் பீரோவுக்கும்.

முழுப்பரீட்சை முடிந்து சில நாளில் அந்த அம்மாள் என்னிடம் வந்து, மகள் எப்படி எழுதியிருக்கிறாள் என்று கேட்டார். வகுப்பிலேயே அவள்தான் முதல் என்றேன். அவர் முகம் வாடிவிட்டது.

"அப்ப பெயில்னு போட்டுருங்கய்யா. இன்னொரு வருசம் இங்கனயே உக்காந்து படிக்கட்டும்."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. இரண்டு நாள் யோசித்துவிட்டு, போட்டேன். அந்த வருஷம் என் வகுப்பில் தவறியவள் அவள் ஒருத்திதான்.

லீவு முடிந்து பள்ளி திறந்ததும், சேதி கேட்டு முன்சீப் வகுப்புக்கே வந்துவிட்டார். "பாத்தீகளா வாத்தியாரே, அஞ்சாவதே ஏறலை. இதுக்கா ஆறாவது கேட்டு ஊரெல்லாம் அலைஞ்சீக?"

அந்தப் பெண் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.