குப்பைமேட்டுக்கு நஞ்சையைக் கொடுத்தவர்

முத்திருளப்பன் இறந்த செய்தியை என் குமாஸ்தா கோர்ட்டு வராந்தாவில் வைத்துச் சொன்னார். "அய்யா, நம்ம முத்திருளப்பன் காலையிலயே போயிட்டாராம். காய்கறி வண்டிக்காரங்க பேசிக்கிட்டாங்க." துக்கம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது மனத்தாங்கல். நகரசபையில் அவரோடு அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார்ந்தவன் நான். செய்தியோ காய்கறி வண்டிக்காரர்களைத் தேடிப் போய்விட்டு, மத்தியானத்துக்குமேல் என்னிடம் வருகிறது. அவர் உயிரோடிருந்தபோதும் இப்படித்தான். அவரைச் சேர்ந்தவர்கள் என்றால் ஊர் வேறு யாரையோதான் நினைத்தது.

அவரை அறிந்த உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? எனக்கு அவர்மேல் பொறாமை. அது தொடங்கிய கூட்டம் உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். ஆலைகள் வந்து, ஊர் பெருத்து, மேற்கே இருந்த குப்பைக் கிடங்கு நிரம்பி வழிந்த காலம். கிடங்குக்குக் கிழக்கே ஒட்டியிருந்த தோட்டங்களை எடுத்து அதை விரிப்பதென்று தீர்மானம் வந்தது. கத்தரியும் வெங்காயமும் போட்டுப் பிழைத்த குடும்பங்கள் அவை. நான் எதிர்த்துப் பேசினேன். ஒரு வாரம் தயாரித்த பேச்சு. சட்டமும் இருந்தது, கண்ணீரும் இருந்தது. கைதட்டினார்கள். சேர்மன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி வக்கீல் சார், வேற எடம் சொல்லுங்க" என்றார். என்னிடம் வேறு இடம் இல்லை.

முத்திருளப்பன் எழுந்தார். துண்டைச் சரிசெய்துகொண்டு, "கெடங்குக்கு மேக்கால எம்பங்கு நஞ்சை கெடக்கு. அத எடுத்துக்கிருங்க. அவுக தோட்டத்த விட்ருங்க" என்றார். பேசியது அவ்வளவுதான். என் பேச்சு அந்தக் கணமே ஊருக்கு மறந்துபோயிற்று. வீட்டுக்கு வந்தால் என் மனைவிகூட, "அவரு சம்சாரம் இதுக்கு என்ன சொன்னாகளாம்?" என்றுதான் கேட்டாள். நான் பேசியதைப் பற்றி ஒரு கேள்வி இல்லை.

முதல் குப்பை வண்டி அந்த வயலில் இறங்கிய அன்று நான் பார்க்கப் போனேன். அவர் முகத்தில் ஒரு துளி வருத்தமாவது தென்படாதா என்ற ஆசையில்தான் போனேன். நெல்லை முன்கூட்டியே அறுத்திருந்தார். அரிதாள் இன்னும் ஈரமாக இருந்தது. வண்டிக்காரர் மாட்டை அவிழ்க்கும்போது இவர் வரப்பில் நின்று, "சோறு போட்ட மண்ணுப்பா. கொஞ்சம் மெதுவாக் கொட்டு" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "வெயில்ல எதுக்குண்ணே வந்தீக?" என்று கேட்டார். அவர் கண் கலங்கித்தான் இருந்தது. அதைப் பார்த்தும் எனக்கு நிம்மதி வரவில்லை. வருத்தத்தோடு கொடுத்திருக்கிறார் என்றால் கொடுத்தது இன்னும் பெரிதாயிற்று.

அந்த வயலுக்கு அடுத்தது அவருடைய தம்பியின் பங்கு. குப்பை வந்ததும் காக்கையும் நாயும் ஈயும் அங்கேதான் போயின. உழுதால் கண்ணாடிச் சில்லு கிளம்பியது. தம்பியின் மாடு ஒன்று குளம்பில் வெட்டுப்பட்டுப் படுத்துவிட்டது. அன்றோடு அண்ணன் தம்பி பேச்சு நின்றது.

தோட்டங்களும் தப்பவில்லை. நிலத்தின் வாட்டம் மேற்கிலிருந்து கிழக்கே. நல்ல மழை பெய்த ஒரு வருஷம், குப்பைக்குள் ஊறிய கறுப்புத் தண்ணீர் சரிந்துபோய்த் தோட்டத்துக் கிணறுகளில் இறங்கியது. கத்தரி இலை வெளுத்துச் சுருண்டது. தோட்டக்காரர்கள் திரண்டு அவர் வீட்டுக்கு வந்தபோது, ஒரு வழக்கு விஷயமாக நானும் அங்கே இருந்தேன். செல்லாயி என்ற அம்மாள்தான் முன்னால் நின்றார். "ஒங்க நெலத்தக் குடுத்து எங்க கெணத்தக் கெடுத்துப்பிட்டீகளே. இதுக்கு எங்க தோட்டத்தையே எடுத்திருக்கலாம், வேற ஊரு பாத்துப் போயிருப்போம்."

"ஆமாத்தா" என்றார் முத்திருளப்பன். "தண்ணி எப்படிப் போகும்னு நான் ரோசிச்சிருக்கணும். குடுக்குற வேகத்துல ரோசிக்கல."

மறுநாளே மண்வெட்டியோடு போனார். கிடங்குக்கும் தோட்டங்களுக்கும் நடுவே ஆழமாக ஒரு வாய்க்கால் வெட்டி, தமக்கு மிஞ்சியிருந்த புஞ்சையின் ஊடே அதைக் கொண்டுபோய்ப் பொட்டலில் விட்டார். திட்ட வந்தவர்களே கூட நின்று வெட்டினார்கள். சில கிணறுகள் தேறின. சில தேறவேயில்லை, அங்கே இன்றைக்கும் மாட்டுக்குப் புல்தான் வளர்க்கிறார்கள். புஞ்சையும் பாழாயிற்று.

ஆனால் அவர்கள் திட்ட வந்த அன்று எனக்குச் சுருக்கென்றது வேறொன்று. திட்டி முடித்துப் படியிறங்கிய செல்லாயி திரும்பி, "ஒழுங்காச் சாப்பிடுறீகளா இல்லையா? இம்புட்டு எளைச்சுப்போயிருக்கீக" என்று அதையும் திட்டாகவே கேட்டுவிட்டுப் போனார். என்னைக் கண்டதும் தோட்டக்காரர்கள் துண்டை இடுப்பில் இறக்கிக் கட்டி, ஒதுங்கி நின்று கும்பிட்டார்கள். அவர்களுக்காக எத்தனையோ தடவை கோர்ட்டு ஏறியவன் நான். என்னை ஒருநாளும் ஒருவரும் அப்படித் திட்டியதில்லை.

எரியூட்டிவிட்டுத் திரும்பும்போது அவருடைய தம்பி என் பக்கத்தில் நடந்து வந்தார். அழுது முகம் வீங்கியிருந்தது. "அண்ணே, அவுக என்னைய ஒரு வார்த்தை கேட்டிருந்தா எம்பங்கையும் சேத்துக் குடுத்திருப்பேன்" என்றார். "கேக்கவே இல்ல. பேரு பூராம் அவுகளுக்கே போச்சு."

குப்பைக்கும் ஈக்கும்தான் தம்பி கோபித்துக்கொண்டிருந்தார் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அவர் தோளில் கைபோட்டேன். அப்படியே நடந்தோம்.

செத்தவர்களிடமிருந்து நல்ல குணம் ஒன்றை எடுத்துக்கொண்டோம் என்று சொல்வது வழக்கம். அவருடைய குணம் எனக்கு வரவில்லை. இந்த வயதில் இனி வரப்போவதும் இல்லை. எனக்கென்று மிஞ்சியது அவர்மேல் கொண்ட பொறாமைதான். துக்கம் நாளாக ஆக ஆறிவிடும், ஆறட்டும். இது ஆற வேண்டாம். இது இருக்கும்வரை முத்திருளப்பன் எனக்கு முன்னால் நடந்துகொண்டிருப்பார்.