மாமி வளவில் கழற்றிப் போட்ட கெப்

கல்முனையில் கல்யாணம் முடித்தால் வீடு மாறுகிறவன் மாப்பிள்ளைதான். நானும் ஒரு பெட்டியோடு மாறினேன். வீடு மனைவியுடையது, வளவு மாமியுடையது, வளவில் நிற்கிற மாமரத்தில் ஒரு காய் பறிப்பதென்றாலும் மாமியிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். எனக்கென்று அங்கே இருந்தது ஒரு பழைய கெப் மட்டும்தான். வெளியூர்க்காரர் பிக்கப் என்று சொல்வதை நாங்கள் கெப் என்போம். கோமாரி, திருக்கோவில் பக்கத்திலிருந்து தேங்காய் ஏற்றிவந்து கல்முனைக் கடைகளுக்குப் போடுகிற தொழில் எனக்கு.

கெப்பின் இஞ்சினில் குறை சொல்ல ஒன்றுமில்லை. உள்பக்கம்தான் மௌத்தாகி, செத்துக் கிடந்தது. வேகம் காட்டும் முள் வீட்டு வாசலில் நிற்கும்போதும் நாற்பதில் ஓடும். டீசல் முள் எப்போதோ படுத்துவிட்டது, முந்திய சொந்தக்காரர் மாற்றிப் பூட்டிய சின்ன டேங்கிக்கு டீசலை மனக்கணக்கில்தான் வைத்திருந்தேன். வானொலி நிந்தவூரைத் தாண்டும்போது மட்டும் கொஞ்சம் பாடிவிட்டு மறுபடி கரகரக்கும். நிந்தவூருக்கும் அதற்கும் என்ன உறவோ தெரியாது.

மாரி மழையில் தேங்காய் வரத்துக் குறைந்த நாட்களில் எல்லாவற்றையும் நானே மாற்றுவது என்று முடிவெடுத்தேன். தொடுதிரை வைத்த செட், ஸ்பீக்கர்கள், ஒரு அம்ப், புது மீட்டர்கள் என்று ஃபோனிலேயே வாங்கினேன், பெட்டி பெட்டியாக வந்து இறங்கின.

"மீட்டர முதல்ல பூட்டுங்க, பாட்டுப் பிறகு பாத்துக்கொள்ளலாம்" என்றாள் மனைவி.

நான் பாட்டை முதலில் பூட்டினேன்.

வேலையை வீடியோ பார்த்துப் பழகிக்கொண்டேன். அதில் ஒரு வெள்ளைக்காரன் கையில் ஒரு பொட்டு அழுக்குப் படாமல், தேத்தண்ணி ஆறுவதற்குள் டாஷ்போட்டைக் கழற்றிப் பூட்டி முடித்துவிடுகிறான். நான் கழற்றியபோது உள்ளேயிருந்து ஒரு கடகம் தும்புத்தூசி கொட்டியது. அதோடு முந்திய சொந்தக்காரருடைய ஒரு தஸ்பீஹ் மணிமாலையும் ஒரு லொத்தர் சீட்டும் விழுந்தன. இரண்டு பக்கமும் நம்பிக்கை வைத்திருந்த மனிதர் போலிருக்கிறது.

செட்டுக்கு இரண்டு மின்சார வயர். மஞ்சள் எப்போதும் பெட்டரியோடு இருக்க வேண்டும், சிவப்பு சாவி போட்டால் மட்டும் உயிர் பெற வேண்டும். என் கெப்பில் சாவிப் பக்கத்து வயர் எங்கேயோ உக்கிப்போயிருந்தது. தேடிப் பார்த்துக் களைத்து, மஞ்சளையும் சிவப்பையும் ஒன்றாக முறுக்கிப் பெட்டரியிலேயே கொடுத்தேன். இனிச் சாவி இல்லாமலும் செட் வேலை செய்யும். அதை ஒரு வசதியென்றே நினைத்தேன்.

என் ஃபோன் சார்ஜில் கிடந்ததால் மாமியின் ஃபோனை வாங்கி புளூடூத்தில் இணைத்துப் பார்த்தேன். அதில் இருந்த ஒரு மார்க்கப் பயான் ஒலித்தது. சொற்பொழிவாற்றிய ஹஸரத்தின் குரல் கதவுத் தகரத்தையே அதிர வைத்தது. திருப்தியோடு ஃபோனைத் திருப்பிக் கொடுத்தேன். இணைப்பை அறுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. செட்டும் மாமியின் ஃபோனை மறக்கவில்லை.

அடுத்த நாள் காலை மீன்காரர் மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டிக்கொண்டு எங்கள் கேட்டடியில் நின்றார். ஒழுங்கையிலுள்ள பெண்கள் எல்லாரும் அவரைச் சுற்றி நின்றார்கள். நான் கெப்பின் கதவுகளைத் திறந்து போட்டு, சீட்டுக்குக் கீழே அம்ப் பூட்டிக்கொண்டிருந்தேன். மாமி குசினியில் இருந்தார். அப்போது பொத்துவிலில் இருக்கிற அவருடைய தங்கை அழைப்பு எடுத்தார். மாமி ஃபோனைக் காதில் வைத்தார். குரல் வந்ததோ கெப்பிலிருந்து.

"ராத்தா, கேக்குதா?"

மீன்காரர் திரும்பிப் பார்த்தார். குசினியில் மாமி, "ஹலோ, ஹலோ, ஒண்டும் கேக்குதில்ல" என்று கத்திக்கொண்டிருந்தார்.

"ராத்தா, நீங்க கதைக்கிறது எனக்குக் கேக்குதில்ல. நான் கதைக்கிறது உங்களுக்குக் கேக்கும்தானே, சும்மா கேட்டுக்கொண்டிரிங்க" என்றது கெப். "உங்கட மருமகன் இன்னமும் அந்தக் கெப்பக் கழட்டிப் போட்டுக்கொண்டா இரிக்கார்? அவர்ர கை பட்டா ஒண்டும் விளங்காதெண்டு நீங்கதானே சொன்ன. தண்ணி மோட்டரத் திருத்தப் போய்க் கிணத்துக்குள்ள போட்டவர்தானே."

நான் திரையை அமுக்கினேன். அது உறைந்துபோய் நின்றது. சாவியைத் திருப்பினேன். சாவிக்கும் செட்டுக்கும் சம்பந்தமில்லாமல் செய்தவன் நான்தானே.

"கிணத்துக்குள்ள போட்டதா?" என்றார் மீன்காரர், என்னைப் பார்த்து.

"ஆரது ஆம்பிளைக் குரல்?" என்றது கெப்.

மீன்காரர் மரியாதை தெரிந்தவர். தலையைக் கதவுக்குள் நீட்டி, "நான் மீன்காரன்" என்றார்.

"அப்பிடியா. அங்க பாரை வந்திரிக்கா?"

"ஓம், நல்ல பாரை."

"இஞ்ச சூடைதான் வருகுது. ராத்தாக்கு நல்லதாப் பாத்துக் குடுங்க. மருமகனுக்கு முள்ளில்லாத துண்டாப் பாத்துப் போடணும் எண்டு அவ ஒவ்வொரு நாளும் படுற பாடு."

நான் ஸ்பேனர் தேடி ஓடி, பொனட்டைத் திறந்து, பெட்டரி வயரைக் கழற்றினேன். கெப் ஊமையானது. மாமி ஃபோனைக் கையில் பிடித்தபடி வெளியே வந்து, "திடீரெண்டு கட்டாயிட்டு" என்றார். பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு மீன் பெட்டிக்குள் பார்த்தார்கள். அவர்களில் ஒருத்தி சிரிப்புத் தாங்காமல் உட்கார்ந்தே விட்டாள்.

மத்தியானம் சோறு போடும்போது மாமிக்கு விஷயம் எட்டியிருந்தது. பாரைத் துண்டை என் பீங்கானில் வைத்தார்.

"கேட்டிருப்பீங்கதானே."

"ஓம் மாமி."

"அவ சொன்னதில பொய்யொண்டும் இல்லயே."

"மோட்டர் விழுந்தது கயிறு அறுந்தபடியால மாமி."

"கயிறு கட்டினது ஆரு?"

மனைவி பீங்கானை விட்டுத் தலையை எடுக்கவேயில்லை. அவளுடைய தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. துண்டில் முள் இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

இதற்குப் பிறகு மீட்டர் வேலை ஒரு மானப் பிரச்சினையாகிவிட்டது. முதலில் சிவப்பு வயரைத் தேடிப் பிடித்துச் சாவியோடு சேர்த்தேன். மாமியின் ஃபோனை செட்டிலிருந்து அழித்தேன். பிறகு பழைய மீட்டர்களைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதியவற்றைப் பொருத்தினேன். சாவி போட்டதும் நீல வெளிச்சம் பற்றியது. வேகமுள் பூச்சியத்தில் ஒழுங்காக நின்றது. சூடு காட்டும் முள் இஞ்சின் சூடேறச் சூடேற மெல்ல எழும்பியது. எத்தனையோ காலம் செத்துக் கிடந்த டீசல் முள் உயிர்பெற்றுப் பாதியில் வந்து நின்றது. என் மனக்கணக்கும் கிட்டத்தட்டப் பாதிதான். மாமியைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து பார்த்தார்.

"வடிவாத்தான் இரிக்கு" என்றார். எனக்கு அது போதும்.

அந்த வார வெள்ளிக்கிழமை மாமியின் தங்கை வீட்டில் பேரப்பிள்ளைக்குப் பேர் வைத்து விருந்து. பொத்துவிலுக்கு பஸ்ஸில் போகலாம் என்றாள் மனைவி. கெப்பில்தான் போகிறோம் என்றேன். கெப்பில் முன்சீட்டு ஒன்றுதான். நான் ஓட்ட, நடுவில் மனைவி, ஓரத்தில் மாமி, அவர் மடியில் விருந்துக்குச் செய்த வட்டிலப்ப இனிப்புச் சட்டி. நான் வெள்ளைச் சேட்டுப் போட்டிருந்தேன்.

அக்கரைப்பற்று வந்தபோது டீசல் முள் பாதிக்குக் கொஞ்சம் மேலே நின்றது. ரோட்டு மேடுபள்ளத்துக்கு டேங்கியில் டீசல் அலைகிறது என்று நினைத்தேன். திருக்கோவிலைத் தாண்டும்போது முக்காலுக்கு வந்திருந்தது. சந்தோஷமான விஷயத்தை ஆராய்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. கோமாரிக்குக் கிட்ட, ஒரு பக்கம் தென்னை, மறுபக்கம் வெறும் மணலும் கடலும் என்ற இடத்தில், கெப் இரண்டு தரம் விக்கிவிட்டு நின்றது. டீசல் முள் நிறைவைத் தொட்டுக்கொண்டிருந்தது.

பொனட்டைத் திறந்தேன், மூடினேன், பெல்ட்டை இழுத்துப் பார்த்தேன்.

"டீசல் இல்லப் போல" என்றார் மாமி.

"முள்ளப் பாருங்க மாமி, நிறைய இரிக்கு."

மனைவி முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நிதானமாகக் கேட்டாள்: "வெளிக்கிடக்குள்ள பாதிதானே இருந்த. இப்ப நிறைஞ்சிரிக்கு. வழியில எங்கயாவது அடிச்சமா?"

நான் மீட்டர்க் கண்ணாடியை விரலால் தட்டினேன், முள் அசையவில்லை.

டேங்கிக்குள் கிடக்கிற பழைய மிதவை ஒரு மாதிரிக் கணக்குச் சொல்லும், நான் வாங்கிய மீட்டர் அதற்கு நேர் எதிர்க் கணக்குப் படித்தது. டீசல் குறையக் குறைய முள் ஏறும். பாதியில் மட்டும் இரண்டும் ஒத்துப்போகும். என் துரதிர்ஷ்டத்துக்கு நான் பூட்டிய நேரம் டேங்கி பாதி. இது அந்த ரோட்டோரத்தில் நின்றுதான் எனக்கு விளங்கியது.

மாமியின் ஃபோன் அடித்தது. தங்கைதான். இந்தத் தடவை குரல் ஃபோனுக்குள்ளேயே இருந்தது, மாமி சொன்னது மட்டும் எங்களுக்குக் கேட்டது.

"வந்துகொண்டிரிக்கம். டயரொண்டு காத்துப் போயிட்டு. ஆணி ஏறியிரிக்கு. மருமகன் மாத்துறார். இல்ல இல்ல, கெப்பில ஒரு பிழையுமில்ல, கெப் தங்கமாட்டம் ஓடுது. ரோட்டுல கிடந்த ஆணிக்கு அவர் என்ன செய்ற?"

ஃபோனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "பாத்துக்கொண்டு நிக்காம டீசலுக்கு வழி பாருங்க."

கோமாரியில் நான் தேங்காய் எடுக்கிற தோட்டத்துப் பக்கமிருந்து ஒருவர் உழவு மெஷினில் வந்தார். முகம் தெரிந்த மனிதர். பின்னால் கேனில் டீசல் வைத்திருந்தார்.

"தேங்காய்க்கார அண்ணனா, டீசல் முடிஞ்சிட்டா? மீட்டர் இல்லயா?"

"மீட்டர் இரிக்கு" என்றேன்.

டீசலை ஊற்றிவிட்டு, குழாயில் நின்ற காற்று போகும்வரை நான் கை பம்பை அமுக்கினேன். வெள்ளைச் சேட்டின் முன்பக்கம் மஞ்சளானது. அவர் கதவுக்குள் எட்டிப் பார்த்து, "உள்ளுக்குக் கலியாண வீடு மாதிரி லைட் போட்டிரிக்கு. செட் புதுசா? ஒரு பாட்டுப் போடுங்களன், கேப்பம்" என்றார்.

நான் மாமியைப் பார்த்தேன். ஹஜ்ஜுக்குப் போய்வந்தவர். டீவியில் விளம்பரப் பாட்டு வந்தாலே சத்தத்தைக் குறைக்கச் சொல்கிறவர்.

"போடுங்க மருமகன்" என்றார் மாமி. "டீசல் தந்த மனிசன்."

போட்டேன். தென்னைகளுக்குள் நின்ற காகங்கள் எழும்பிப் பறந்தன. உழவு மெஷின்காரர் இடுப்பில் கை வைத்து, கண்ணை மூடி, முழுப்பாட்டையும் கேட்டார். மாமி வட்டிலப்பச் சட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்தார். அவருடைய விரலொன்று சட்டி மூடியில் தட்டிக்கொண்டிருந்ததை மனைவி எனக்கு முழங்கையால் இடித்துக் காட்டினாள்.

பொத்துவில் போய்ச் சேர்ந்தபோது ஒரே தட்டைச் சுற்றிச் சாப்பிடுகிற மற்ற சஹன்கள் எல்லாம் எழும்பிவிட்டன. மாமி படியேறும்போதே ஆணிக் கதையை ஆரம்பித்தார். வாசலில் சிறிய ஆணியாக இருந்தது, மண்டபத்துக்குள் போகும்போது விரல் நீளமாகி, குசினிக்குள் நுழைந்தபோது ஓட்டுக் கூரைக்கு அடிக்கிற ஆணியாகிவிட்டது. தங்கை நம்பினார். தங்கையின் கணவர் மட்டும் எழும்பி வெளியே போய், கெப்பை ஒரு சுற்றுச் சுற்றி நாலு டயரையும் பார்த்துவிட்டு வந்தார். நான் குனிந்து சோற்றைப் பிசைந்தேன்.

அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தணிந்த குரலில், "சவர்க்காரம் கிணத்தடியில இரிக்கு மருமகன். நல்லாத் தேச்சுக் கழுவுங்க. எங்கட பக்கத்து டயருக்கு டீசல் மணம் வாறல்ல" என்றார். பிறகு இறைச்சிப் பீங்கானை என் பக்கம் தள்ளிவிட்டார். அதைப் பற்றி வேறொருவரிடமும் அவர் கதைக்கவில்லை.

திரும்பும்போது பொத்துவிலிலேயே டேங்கி நிறைய அடித்துக்கொண்டோம். டீசல் ஏற ஏற முள் கீழே இறங்கி, வெறுமையில் போய்ப் படுத்தது. மாமி அதைப் பார்த்துத் தலையசைத்தார்.

"இனிப் போகலாம்" என்றார்.