கெஞ்சாமல் ஒரு கடிதம்

இன்று காலை, இங்கே புந்தோங்கில் எங்கள் பக்கத்து வீட்டு லெட்சுமி அக்கா வந்தார். நாலு நாளாகக் குழாயில் தண்ணீர் இல்லை. தண்ணீர் வாரியத்துக்கு ஆங்கிலத்தில் புகார் எழுதித் தரச் சொன்னார்.

போனை எடுத்ததும் 'ஐ ஹம்ப்ளி பெக்' என்று விரல் தானாகத் தொடங்கியது. எழுபதுகளில் எங்கள் ரப்பர் தோட்டத்தில் வெள்ளைக்காரத் தொரைக்கு எழுதும் கடிதமெல்லாம் அப்படித்தான் தொடங்கும்.

"என்னலா போட்டிருக்க?"

"தாழ்மையோட கெஞ்சிக் கேக்கிறோம்னு, அக்கா."

"தண்ணிக்குக் காசு கட்டுறோம்லா! எதுக்குக் கெஞ்சணும்?"

அழித்தேன். அரை மணி நேரமாகியும் வேறு தொடக்கம் வரவில்லை.

அக்காவே சொன்னார்: "தண்ணி வரலை, எப்ப வரும்னு கேளு."

அப்படியே அனுப்பிவிட்டேன்.

அதிலிருந்து போனை எடுத்து எடுத்துப் பார்க்கிறேன், தொரை கோபித்துக்கொள்வாரோ என்று. அவர் சீமைக்குத் திரும்பிப் போய் நாற்பது வருஷத்துக்கு மேலாகிறது.

இன்னும் யார் யாருக்கெல்லாம் இப்படி விரல் தானாகக் கெஞ்சுகிறது?