குளிக்காத காசுக்கே விலை

பழைய காசு வியாபாரத்தைப் புதையல் தொழில் என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் அது அழுக்குக்கு விலை வைக்கும் தொழில். எழுபதுகளின் நடுவில் கொடைக்கானலில், ஏரிக்கு இறங்கும் சரிவில் ஒரு கடை போட்டேன். முன்னால் தைல பாட்டில்கள், பின்னால் கண்ணாடிப் பெட்டியில் பழைய காசுகள். மேகம் இறங்கிவிட்டால் வாடிக்கையாளரும் தெரியாது, காசும் தெரியாது. பழம்பொருள் விற்றுப் பிழைக்கும் சகபாவிகளே, உங்களுக்கும் இதெல்லாம் நடந்திருக்கும். நடக்கவில்லை என்றால் நீங்கள் இன்னும் கைக்காசு போடவில்லை என்று அர்த்தம்.

குளித்த காசு

ஆரம்பத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் தேய்மானம் ஒன்றுதான். எழுத்தும் முகமும் எவ்வளவு தேயாமல் இருக்கிறதோ அவ்வளவு தரம். காசைக் காகித உறையில் போட்டு, மேலே பைன், வெரி பைன், எக்ஸ்ட்ரா பைன் என்று தரம் எழுதி வைப்பேன். எழுதுகிறவனும் நான், விற்கிறவனும் நான் என்பதால் என் கடையில் தரம் குறைந்த காசே கிடையாது.

மலைமேல் ஒரு பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திய அமெரிக்க வாத்தியார் ஒருவர் சனிக்கிழமைதோறும் வருவார். தமிழைப் புத்தகத்தில் கற்றவர்; அதனால் நமக்கெல்லாம் வராத சுத்தத் தமிழ் அவருக்கு வரும். அவருக்காகவே ஒரு வெள்ளி ரூபாயைப் புளி போட்டுத் தேய்த்து, கண் கூசும்படி வைத்திருந்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் அதை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்துவிட்டார். பக்கத்தில், ஓரமெல்லாம் நீலமும் நடுவில் தேன் நிறமுமாகக் கிடந்தது ஒரு ரூபாய். புளி போட்டதைவிட எழுத்து தேய்ந்தது. அதை மூன்று மடங்கு விலைக்கு எடுத்துக்கொண்டார்.

எனக்கு வயிற்றெரிச்சல். தேய்மானம் இந்தப் பளபளப்பில்தானே குறைவு என்று வாதாடினேன். வெள்ளி பல வருஷம் காற்றோடும் காகிதத்தோடும் கிடந்து தானாக ஏற்றிக்கொள்ளும் நிறம் அது, கண்ணுக்கு அழகாக ஏறியிருந்தால் அதற்குத் தனி விலை உண்டு, தேய்த்தால் மேல்தோலோடு போய்விடும், அந்த முகம் அப்புறம் திரும்பாது என்று பொறுமையாகப் பாடம் எடுத்தார். கடைசியில் சொன்னார்: "ஐயா, தாங்கள் எனக்குக் காட்டியது குளித்த நாணயம். நான் குளிக்காத நாணயத்தை நாடி வந்தேன்."

கிருத்திகை அபிஷேகம்

அன்றிலிருந்து வருகிறவர்களிடமெல்லாம், காசைக் கழுவாதீர்கள் என்று கெஞ்ச ஆரம்பித்தேன். ஒரு பொருளை அடுத்தவர் கையில் கொடுக்குமுன் விளக்கிக் கொடுப்பதுதான் மரியாதை என்று வளர்ந்த ஜனங்கள். என் பேச்சை யார் கேட்பார்கள்?

பழனி அடிவாரத்தில் பூஜைச் சாமான் கடை வைத்திருந்த ஒருவர், மஞ்சள் துணியில் முடிந்து ஒரு வெள்ளி ரூபாய் கொண்டுவந்தார். மூன்று தலைமுறையாக வீட்டு லட்சுமி. அதனால் கிருத்திகை தவறாமல் பால், தயிர், எலுமிச்சம்பழச் சாறு, தேன் என்று அபிஷேகம் நடந்திருக்கிறது. முடிவில் விபூதி போட்டு அழுத்தித் துடைப்பார்களாம். அச்சில் இருந்த ராணிக்கு மூக்கு கரைந்துவிட்டது. வருஷத்தில் கடைசி இரண்டு எண்களைக் காணோம். வெள்ளி எடைக்குத்தான் எடுக்க முடியும், புளிப்பு பட்டால் வெள்ளிக்கு ஆகாது என்றேன். அவர் கோபப்படவில்லை. என்னைப் பார்த்து இரக்கப்பட்டு, துணியை மறுபடி முடிந்துகொண்டே சொன்னார்: "சாமிக்கு ஆன அபிஷேகம் காசுக்கு ஆகாதுன்னு இந்த மலையில சொல்ற ஒரே ஆளு நீங்கதாங்க."

வாசம் இனாம்

நிறத்துக்கு விலை உண்டு என்ற சேதி மெல்ல மலை முழுக்கப் பரவியது. பரப்பியது வேறு யார், நான்தான். வேலுச்சாமி என்ற காய்கறி விவசாயி கிளாவரை கிராமத்திலிருந்து பஸ் ஏறி வந்து, என் பெட்டிக்குள் இருந்த இன்னொரு நீல ரூபாயை அரைமணி நேரம் பார்த்துவிட்டு ஒன்றும் வாங்காமல் போனார். நாலு மாதம் கழித்து ஒரு சாக்குப்பையோடு திரும்பி வந்தார்.

பையைத் திறந்ததும் பக்கத்துக் கடையில் ஸ்வெட்டர் பார்க்க வந்திருந்த மதுரைக் குடும்பம் மூக்கைப் பொத்திக்கொண்டது. உள்ளே பன்னிரண்டு வெள்ளி ரூபாய், கரித்துண்டுகள் மாதிரி. ராணி எது, ராஜா எது என்று நகத்தால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. மலைப்பூண்டில் இருக்கும் கந்தகம் வெள்ளியைக் கறுக்கவைக்கும் என்று எந்த வாத்தியாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. சொந்த மூளையில் கண்டுபிடித்திருக்கிறார். இயற்கையாக ஏறிய நிறத்துக்கும் வலிய ஏற்றிய கறுப்புக்கும் உள்ள வித்தியாசத்தை நான் விளக்கியதைப் பெருந்தன்மையோடு கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "நெறம் வேணும்னு நீங்க சொல்லித்தான் நாலு மாசம் பூண்டுக் குவியல்ல போட்டு வச்சிருந்தேன். வாசத்துக்குன்னு நான் தனியா ஒண்ணும் கேக்கலையே."

ராஜாமணியின் சந்தேகம்

நான் மட்டும் யோக்கியனா? நிறம் ஏறிய காசை யாராவது விற்க வந்தால் முகத்தைச் சுளிப்பேன். ஐயோ கறுத்துப் போச்சே, பாசி பிடிச்ச மாதிரி கெடக்கே என்று உச்சுக் கொட்டி விலையைக் குறைப்பேன். அவர் படியிறங்கியதும் அதே காசைப் புது உறையில் போட்டு, 'இயற்கை நிறம், அபூர்வம்' என்று எழுதுவேன். விற்க வருகிறவரும் சும்மா இருக்கமாட்டார். பேரம் பேசுவார், நான் கொஞ்சம் ஏறுவேன், அவர் கொஞ்சம் இறங்குவார். இது எல்லாருக்கும் தெரிந்த ஆட்டம் என்றுதான் என் மனசாட்சியிடம் சொல்லி வைத்திருந்தேன்.

பக்கத்து ஸ்வெட்டர் கடை ராஜாமணி என் வயதுக்காரன். சீசன் இல்லாத நாட்களில் என் கடையில் உட்கார்ந்து இதையெல்லாம் வேடிக்கை பார்ப்பான். ஒருநாள் டீயை உறிஞ்சிக்கொண்டே கேட்டான்: "ஏலே, உள்ள வரும்போது அழுக்கு, வெளிய போறப்ப அழகு. ஒன் கடை நெலவாசல்ல அப்படி என்னலே தடவி வச்சிருக்க?"

மாட்டு விலை

எண்பதுகளின் தொடக்கத்தில், மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம் மாரியாயி என்ற அம்மா வந்தார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்து, இங்கே தைல மரம் வெட்டிப் பிழைக்கும் குடும்பம். மரம் சாய்ந்து அம்மாவுக்கு ஒரு தோள்பட்டை இறங்கிவிட்டது, இனி அரிவாள் தூக்கக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். பக்கத்துப் பள்ளங்கி கிராமத்தில் ஒரு கறவை மாடு விலைக்கு இருக்கிறதாம். அது வந்துவிட்டால் பால் ஊற்றிப் பிழைத்துக்கொள்ளலாம். பாதிச் சல்லி சேர்ந்துவிட்டது என்றார். பணத்தை அவர் சல்லி என்றுதான் சொல்வார். மீதிக்கு இதை நம்பித்தான் வந்ததாகச் சொல்லி முந்தானை முடிச்சை அவிழ்த்தார்.

தேயிலைப் பெட்டியின் ஈயத்தாளில் சுற்றிய ஒரு ராணி ரூபாய். மாமனார் காலத்தில் தோட்டத்தில் சுற்றி வைத்தது, அப்புறம் யாரும் தொடவில்லை. தாளைப் பிரித்தேன். தேய்மானம் என்பதே இல்லை. மேலே மயில் கழுத்து நிறம், சாய்த்தால் பச்சை, நிமிர்த்தினால் ஊதா. அப்படி ஒரு காசை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. வாத்தியாரிடம் காட்டினால் மாட்டின் மீதி விலை கிடைத்து, எனக்கும் கணிசமாக நிற்கும் என்று மனம் சொன்னது. வாய் வேறு சொன்னது.

"ரொம்பக் கறுத்துப் போச்சேம்மா. வெள்ளி வெலைக்கு மேல தேறாதே" என்றேன். அவர் பேரம் பேசுவார், நான் ஏறலாம் என்று காத்திருந்தேன். அவருக்கு அந்த ஆட்டம் தெரியவில்லை. கறுப்பு இல்லை என்றால் கூடக் கிடைக்குமா என்று கேட்டார். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். கறுப்பு இல்லாவிட்டால் விலையே வேறு என்று தலையாட்டினேன். அவர் காசை முடிந்துகொண்டு மழையில் இறங்கிப் போனார். கூப்பிட்டால் விலை ஏறிவிடும், தானாகத் திரும்பி வரட்டும் என்று நான் உட்கார்ந்திருந்தேன்.

திரும்பி வந்தார். மறுநாள் வெள்ளனே, நான் கடை திறக்குமுன் வாசலில் நின்றுகொண்டிருந்தார். முடிச்சை அவிழ்த்து என் உள்ளங்கையில் வைத்ததை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன்; பச்சையும் இல்லை, ஊதாவும் இல்லை. புது டப்பா மூடி மாதிரி ஒரு பளபளப்பு. அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாகத் தேங்காய் நார் இழுத்த கீறல்கள். நல்ல தோள் ஒன்றே ஒன்று இருக்கும் அம்மா, அந்தக் கையால்தான் தேய்த்திருக்க வேண்டும்.

சிரித்த முகத்தோடு அவர் சொன்னார்: "சவுக்காரம் போட்டுக் கழுவி, அடுப்புச் சாம்பல வச்சு நல்லா தேச்சுட்டேங்க ஐயா. நீங்க சொன்ன கறுப்பு ஒரு பொட்டு இல்ல பாருங்க. இனி மாட்டுச் சல்லிக்குக் கொறையாதுங்களே?"

மாட்டுக்குக் குறைந்த பணம் முழுவதையும் கொடுத்து அந்தப் பளபளப்பை நானே வாங்கிக்கொண்டேன் என்பதற்காக என்னைத் தர்மவான் என்று நினைத்துவிடாதீர்கள், தவளை தன் வாயால் கெட்டதற்குக் கட்டிய அபராதம் அது.