கும்மிடிப்பூண்டியிலிருந்து திருவள்ளூருக்கு: நாலு காலி சீட், ஒரு சாட்சி

ரயிலில் ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடிய இடங்களைப் பற்றித்தான் வழக்கமாக இங்கே எழுதுவேன். இந்த முறை அருவியும் இல்லை, கோட்டையும் இல்லை. கும்மிடிப்பூண்டியிலிருந்து திருவள்ளூருக்குப் பஸ்ஸில் எப்படிப் போவது என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அந்த வழியில் போக வேண்டி வந்தது. சுற்றிப் பார்க்க அல்ல. என் அக்கா எஸ்தரைத் தடுத்து நிறுத்தப் போனேன். முடியவில்லை.

விஷயம் இதுதான். அக்கா கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் பதினோரு வருஷமாகக் கான்ட்ராக்டில் வேலை பார்க்கிறாள். மாமா இறந்து ஆறு வருஷம் ஆகிறது. மகள் நர்சிங் இரண்டாம் ஆண்டு. வீட்டுக்கு வருவது அக்காவின் சம்பளம் மட்டும்தான். சில மாதங்களுக்கு முன்பு அவள் கண்ணெதிரே பாபு என்கிற தொழிலாளியின் வலது கை பிரஸ் மிஷினில் சிக்கி நாலு விரல் போனது. கை உள்ளே போகாமல் தடுக்கும் கம்பித் தடுப்பை, வேலை வேகமாக நடக்கட்டும் என்று சூப்பர்வைசர்தான் கழற்றச் சொன்னார். பாபு தானாகவே கழற்றினான் என்கிறது கம்பெனி. திருவள்ளூரில் தொழிலாளர் துறை அலுவலகத்தில் விசாரணை. அக்கா சாட்சி. சொன்னால் வேலை போகும் என்று அவளுக்கும் தெரியும்.

சாட்சி சொல்வதில் அக்காவின் சபைக்காரர்களை மிஞ்ச ஆள் கிடையாது. ஞாயிறு ஆராதனையில் அதற்கென்றே ஒரு நேரம் உண்டு. கர்த்தர் தனக்குச் செய்த நன்மையை எழுந்து நின்று சொல்ல வேண்டும். புது பைக், துபாய் விசா, தீராத தலைவலி தீர்ந்தது, எல்லாவற்றுக்கும் சாட்சி உண்டு. விபத்தை அக்காவோடு பார்த்த மற்ற நாலு பேரும் அதே சபைதான். விசாரணைக்கு முந்தின ஞாயிறு, அந்தக் கம்பெனி இலவசமாகப் போட்டுக்கொடுத்த புது ஷீட் கூரைக்குக் கீழே முழங்காலில் நின்று ஜெபம் பண்ணி, செவ்வாய்க்கிழமை பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடுவதாக நாலு பேரும் வாக்குக் கொடுத்தார்களாம்.

சென்னை சென்ட்ரலில் அதிகாலைப் புறநகர் ரயிலைப் பிடித்து 6.40-க்குக் கும்மிடிப்பூண்டியில் இறங்கினேன். டிக்கெட் பதினைந்து ரூபாய். ஊத்துக்கோட்டை போய் மாற வேண்டும், அந்தப் பஸ் 7.30-க்கு. அக்கா அதற்குள் ஏறி உட்கார்ந்து நாலு சீட் பிடித்து வைத்திருந்தாள். ஒன்றில் கைப்பை, ஒன்றில் டிபன் பை, ஒன்றில் குடை, ஒன்றில் பைபிள். ஷிஃப்ட் முடிந்து வந்தவர்கள் நின்றுகொண்டு முறைத்தார்கள். கண்டக்டருக்குக் கோபம் வந்துவிட்டது.

"இன்னாமா, பஸ்ஸ ஒன் பேர்ல எய்தி வாங்கிட்டியா?"

"நாலு பேர் வந்துக்கினு இருக்காங்கண்ணா. அஞ்சே நிமிஷம்."

யாரும் வந்துகொண்டு இருக்கவில்லை. ஒருவர் போன் சுவிட்ச் ஆஃப். ஒருவருக்குக் காய்ச்சல் என்றார் அவர் மனைவி. ஒருவர் காட்டுப்பள்ளி துறைமுகத்தில் அவசர வேலை என்று ராத்திரியே கிளம்பிவிட்டாராம். நாலாமவர் மட்டும் எடுத்தார். "ஜெபத்துல தாங்குறோம் சிஸ்டர்" என்று அவர் சொன்னது எனக்கே கேட்டது. ஜெபத்தில் தாங்குகிறார்களாம். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார ஆளில்லை.

நான் வந்த காரியத்தை ஆரம்பித்தேன். "எறங்கிடலாம்கா. அவங்களுக்கே இல்லாத அக்கற ஒனக்கு இன்னாத்துக்கு? வேல போச்சுனா பாப்பா படிப்பு இன்னா ஆவறது?"

அவள் சீட்டில் வைத்திருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நின்றவர்கள் உட்கார்ந்தார்கள். "டிக்கெட் எடு நைனா. சில்லற கீதா?" என்றாள் என்னிடம்.

ஊத்துக்கோட்டைக்கு என் போன் காட்டிய தூரம் 33 கிலோமீட்டர். ஆளுக்கு முப்பது ரூபாய், ஒரு மணி இருபது நிமிஷம். வழியில் பாதி தூரம் பச்சை வயல், அழகுதான். எனக்கு ரசிக்கிற மனநிலை இல்லை. ஊத்துக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நாஷ்டா சாப்பிட்டோம். நாலு இட்லி நாற்பது ரூபாய், சாம்பார் பரவாயில்லை. அக்கா அரை இட்லிக்கு மேல் தொடவில்லை. டம்ளரில் ஊற்றிய தண்ணீர் பாதி புடவையில் சிந்தியது.

"இவ்ளோ பயந்துக்கினு எதுக்குக்கா போற? ஜெபம் பண்ணியே, அது இன்னா ஆச்சு?"

"பண்ணேன். பயம் போவணும்னு கேட்டேன். போவல." முந்தானையால் கையைத் துடைத்தாள். "சரி, பயத்தோடவே போலாம்னு பஸ் ஏறிட்டேன்."

ஒன்பது வருஷமாக நான் சர்ச்சுக்குப் போவதில்லை. விசுவாசம் என்றால் பயமே இல்லாததுபோல நடிப்பது என்றுதான் நினைத்திருந்தேன். எழுந்து போய் இட்லிக்குக் காசு கொடுத்தேன்.

9.25 பஸ். திருவள்ளூருக்கு 28 கிலோமீட்டர், இருபத்தைந்து ரூபாய், சரியாக ஒரு மணி நேரம். விசாரணை பதினொன்றுக்கு என்றார்கள், கூப்பிட்டது ஒன்றரைக்கு. பாபு வலது கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். கம்பெனிக்கு ஒரு வக்கீல், இரண்டு மேனேஜர்கள். எங்கள் பக்கம் அக்கா.

"சாட்சி எழுந்து சொல்லுங்க" என்றார் அதிகாரி.

அக்கா எழுந்தாள். முக்காட்டை இழுத்துவிட்டாள். கண்ணை மூடி, "கர்த்தருக்கு ஸ்தோத்திரம். எல்லாருக்கும் என் அன்பின் வாழ்த்துக்கள்" என்றாள்.

இருபது வருஷப் பழக்கம். சாட்சி என்றதும் வாய் தானாக ஆரம்பித்துவிட்டது. மேனேஜர்கள் சிரித்தார்கள். எனக்கு அவமானமாக இருந்தது, இன்றைக்கு அதை நினைத்தால் என்மேலேயே கோபம் வருகிறது.

"இது சர்ச் இல்லம்மா" என்றார் வக்கீல். "நீங்க பாத்தேன்னு சொல்றது என்ன, ஜெபத்துல பாத்ததா?"

"இல்ல சார். ஜெபத்துல கண்ண மூடிக்குவேன். அன்னிக்குத் தொறந்துக்கினு இருந்தேன்."

அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை. யார் கழற்றச் சொன்னது, எந்த ஸ்பேனர், தடுப்பை எந்தச் சுவரில் சாய்த்து வைத்தார்கள், பாபு வேண்டாம் என்று எத்தனை தடவை சொன்னான், எல்லாவற்றையும் ஒரே குரலில் சொன்னாள். புடவைத் தலைப்பை இறுக்கிப் பிடித்த பிடியை மட்டும் கடைசிவரை விடவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தோம். விசாரணை அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போனது.

வியாழக்கிழமை காலை கான்ட்ராக்டர் அவளைக் கேட்டிலேயே நிறுத்தி, இனிமேல் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அந்த ஞாயிறு அவளுடைய சபைக்குப் போனேன். அவள் எழுந்து நின்று இதையெல்லாம் போட்டு உடைக்க வேண்டும், அந்த நாலு முகங்களையும் நான் பார்க்க வேண்டும். அதற்காகத்தான் போனேன். சாட்சி நேரம் வந்தது. முதலில் எழுந்தது, செவ்வாய்க்கிழமை காய்ச்சலில் கிடந்தவர். "இந்த வாரம் வேலை ஸ்தலத்தில் எந்தப் பிரச்சினையும் வராமல் என்னைப் பாதுகாத்த தேவனுக்கு ஸ்தோத்திரம்" என்றார். சபையே ஆமென் சொன்னது. போதகர் ஒரு கணம் அக்காவைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், அடுத்த பாட்டுக்குப் போய்விட்டார். அக்கா எழுந்திருக்கவே இல்லை.

வெளியே வந்ததும் வெடித்துவிட்டேன். "வாய்ல இன்னா வச்சிருந்த? ஏன் சாட்சி சொல்லல?"

"நான்தான் சொல்லிட்டனே" என்றாள். "திருவள்ளூர்ல."

இனி, போகிறவர்களுக்கு. காலையிலேயே கிளம்பினால்தான் ஊத்துக்கோட்டையில் பஸ் மாறி நேரத்துக்குப் போய்ச் சேரலாம். ஒருவருக்குப் பஸ் செலவு ஐம்பத்தைந்து ரூபாய். ரயில்தான் வேண்டும் என்றால் பேசின் பிரிட்ஜில் இறங்கி திருவள்ளூர் வண்டிக்கு மாறலாம், சுற்று அதிகம். அரசு அலுவலகத்துக்கு என்றால் மதியச் சாப்பாட்டைக் கையோடு எடுத்துப்போங்கள். கூட வருகிறோம் என்று ஞாயிற்றுக்கிழமை சொன்னவர்களை நம்பி சீட் பிடிக்காதீர்கள்.

அடுத்த விசாரணைக்கும் இதே 7.30 பஸ்தான். நமக்கு இரண்டு சீட் போதும் என்று அக்காவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். அவள் கேட்கிற மாதிரி இல்லை. அவர்கள் வந்தால் உட்கார இடம் வேண்டாமா என்கிறாள்.