பொத்தான் டப்பாவில் ஏழு மாத்திரை

அச்சகத்தில் பிழை திருத்தும் அந்த அம்மா, அடுத்தவர் எழுத்தில் குற்றம் கண்டுபிடித்தே முப்பது வருடம் சம்பாதித்தவர். அறுபத்து மூன்றாம் வயதில் ஒரு குட்டை முக்காலியிலிருந்து சறுக்கிக் கையை ஊன்றினார். மணிக்கட்டு முறிந்தது.

"இந்த உயரத்துக்கே உடையுதுன்னா எலும்பைப் பாக்கணும்" என்றார் டாக்டர். ஸ்கேன் எடுத்ததில் எலும்பின் அடர்த்தி வெகுவாகக் குறைந்திருந்தது. வாரம் ஒரு மாத்திரை. வெறும் வயிற்றில் விழுங்கிவிட்டு, அரைமணி நேரம் குனியாமல் நிமிர்ந்திருக்க வேண்டும்.

முதல் மாத்திரைக்கே நெஞ்சு எரிந்தது. மருந்தோடு வந்த காகிதத்தை விரித்துச் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தார். மூன்று எழுத்துப்பிழை, நான்கு ஒற்றுப்பிழை. தாடை எலும்பு அரிதாகப் பாதிக்கப்படலாம் என்ற வரியில் மட்டும் ஒரு பிழையும் இல்லை. அதனாலேயே அதை நம்பிவிட்டார்.

மறுவாரத்திலிருந்து மாத்திரை பொத்தான் டப்பாவுக்குள் போயிற்று. அரைமணி நேரத்தை மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. ஞாயிறு காலையில் நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்து, "குனியக் கூடாதாமே" என்பார். வீட்டுக்காரர் பால் காய்ச்சி, பொங்கியதைத் துடைத்து, பேப்பரைக் கையில் கொண்டுவந்து கொடுப்பார்.

இடையில் நாத்தனார் ஏதோ ஒரு பொடியோடு வந்தாள். "பக்க விளைவே கிடையாது அண்ணி."

பொடி டப்பாவை அம்மா திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளே என்ன இருக்கிறது என்றே போடவில்லை. "பக்க விளைவு இல்ல, சரி. விளைவு ஏதாவது இருக்கா?"

நாத்தனார் பொடியோடு திரும்பிப் போனாள்.

எட்டாம் வாரம் வீட்டுக்காரரின் சட்டைப் பொத்தான் அறுந்தது. பொத்தான் டப்பாவைத் திறந்தவர் உள்ளே கிடந்த மாத்திரைகளை ஒவ்வொன்றாக எண்ணினார்.

"ஏழு இருக்கு. இதுல எதைத் தைக்கறது?"

அகப்பட்டாயிற்று. அன்றைக்கே டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார்.

"நெஞ்செரிச்சலை அப்பவே சொல்லியிருந்தா மருந்தை மாத்தியிருப்பேனே" என்றார் டாக்டர். "தாடை விஷயம் ரொம்ப அபூர்வம். எதுக்கும் பல்லைக் காட்டிட்டு வாங்க."

"மருந்தே இல்லாம, வெயில், பால், உடற்பயிற்சின்னு சமாளிக்க முடியாதா?"

"அதெல்லாம் கட்டாயம் வேணும். ஆனா ஒரு தடவை உடைஞ்ச உங்களுக்கு அது மட்டும் போதாதும்மா. வருஷத்துக்கு ஒரே தடவை நரம்புல ஏத்தற மருந்து இருக்கு. வயித்துக்குத் தொந்தரவு இருக்காது."

பல் டாக்டர் சரி என்றதும் மருந்து ஏற்றிக்கொண்டார். இரண்டு நாள் காய்ச்சலும் உடம்புவலியும் இருந்தன. டாக்டர் முன்பே சொல்லியிருந்ததால் பயமில்லை. பிறகு பயிற்சி வகுப்பு: எடை தூக்குவது, படி ஏறுவது, ஒற்றைக்காலில் நிற்பது.

கொண்டுவிட வந்த வீட்டுக்காரர் பெஞ்சில் உட்கார்ந்து சிரித்தார். பயிற்சி தரும் பெண் பார்த்துவிட்டாள். "சார், நீங்க ஒரு தடவை நின்னு காட்டுங்க."

மூன்று விநாடி நின்றார். நாலாவதில் கதவைப் பிடித்துக்கொண்டார். அவருக்கும் ஸ்கேன் எடுத்ததில் எலும்பு மெலிந்துதான் இருந்தது.

"ஆம்பளைக்குமா வரும்?"

"எலும்புக்கு அந்தப் பாகுபாடு தெரியாதாம்" என்றார் அம்மா, பரம திருப்தியோடு.

இரண்டு வருடம் கழித்து மறுபடி ஸ்கேன். அம்மாவுக்கு முதுகெலும்பு சற்றுத் தேறியிருந்தது. இடுப்பு அப்படியே இருந்தது. "குறையாம இருக்கறதே பெரிய விஷயம்" என்றார் டாக்டர்.

மறுநாள் வகுப்பில், பின்வரிசையிலிருந்து வீட்டுக்காரரின் குரல் கெஞ்சியது. "ஆடுதே, உன் தோளைக் கொஞ்சம் பிடிச்சுக்கட்டுமா?"

"சுவத்தைப் பிடிங்க" என்றார் அம்மா, காலை மாற்றியபடி. "நானே இப்பத்தான் கெட்டிப்பட்டுட்டு வரேன்."